அம்மாக்கண்ணுவின் ஏழு எழுத்து

அம்மாக்கண்ணு தன் பெயரை எழுதி முடிக்க முழுதாக ஒரு நிமிடம் ஆகும். ஏழு எழுத்து. முதல் எழுத்தைச் சுழிக்கும்போது கீழுதட்டைக் கடித்துக்கொள்வாள். கடைசி எழுத்தின் வாலை மேலே இழுத்து, அதன் நுனிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்த பிறகுதான் உதட்டை விடுவாள். அந்தப் புள்ளி எதற்கு என்று கேட்டால், "முடிஞ்சிருச்சின்னு தெரிய வேணாமா?" என்பாள்.

டயகமவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவில், சம்பள நாளன்று அவளுக்குப் பின்னால் வரிசையில் நிற்க யாருக்கும் விருப்பம் இருக்காது. லயத்து வீட்டு வரிசையில் அடுத்த காம்பராவில் குடியிருந்த காளியாயி, முப்பது வருடம் அவளோடு ஒரே மலையில் கொழுந்து பறித்தவள், எப்படியோ ஒவ்வொரு மாதமும் அவளுக்குப் பின்னால் வந்து மாட்டிக்கொள்வாள்.

"இவ பேர எழுதி முடிக்கிறதுக்குள்ள அடுத்த மாசச் சம்பளம் வந்துரும்டி!" என்று கத்துவாள்.

அம்மாக்கண்ணு நிமிர்ந்து பார்க்கமாட்டாள். "நீ வெரல வெச்சிட்டு ஓடு, அவசரக்காரி. எனக்கு இன்னும் மூணு எழுத்து இருக்கு."

முப்பத்தெட்டு வயதில் படித்த கையெழுத்து அது. ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் போட்டாள். அதற்குப் பிறகு, சாகும்வரை, ஒரு தடவைகூடப் போடவில்லை.

படிக்க வைத்தது அவள் புருஷனின் சாவு. நிழல் மரத்தில் கிளை கழிக்க ஏறியவர் மழையில் வழுக்கி விழுந்தார். மூன்றாம் நாள், வீட்டில் இன்னும் ஆட்கள் பாயில் உட்கார்ந்திருக்கும்போதே, தோட்டத்து ஆபீசிலிருந்து ஒருவர் கடதாசி ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு பக்கம் சிங்களம், மறுபக்கம் இங்கிலீஷ். "காரியத்த முடிக்க ஒதவியா இருக்கும், வெரல வெய்யி அம்மாக்கண்ணு" என்றார். வைத்தாள். எட்டு மாதம் கழித்து, நட்ட ஈடு கேட்கப் போன இடத்தில், ஒருவர் அந்தக் கடதாசியைத் தமிழில் படித்துச் சொன்னார். இறந்தவர் வேலை இல்லாத நாளில், யாரும் சொல்லாமல், குடிபோதையில் மரம் ஏறினார் என்று அதில் இருந்தது. பெண்சாதியே ஒப்புக்கொண்டிருக்கிறாள் என்று இருந்தது. கீழே அவளுடைய கட்டைவிரல், மையில், ரேகை ரேகையாகத் தெளிவாக இருந்தது.

அவர் வாழ்நாளில் குடித்ததில்லை. தைப்பொங்கலுக்குக்கூட.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மகள் லோஜினியின் சிலேட்டை வாங்கினாள். "எம் பேர எழுது" என்றாள். லோஜினி எழுதிக் கொடுத்தாள். அம்மா அந்த எழுத்துகளின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். பிறகு குச்சியை வாங்கி, மேலேயே எழுதினாள். அழித்து அழித்து எழுதினாள். மூன்று மாதம், ஞாயிற்றுக்கிழமைகளில், அடுப்படிச் சுவரில் கரியால் எழுதினாள். சுவர் முழுக்க அவள் பெயர். மாரியம்மன் திருவிழாவுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது அந்த ஒரு சுவரை மட்டும் அடிக்காமல் விட்டாள்.

அதன் பிறகு எந்தக் கடதாசியும் கையெழுத்தும் திகதியும் இல்லாமல் அவள் கையை விட்டுப் போனதில்லை. மகளுக்குக் காய்ச்சல் என்று பாடசாலைக்கு அனுப்பிய துண்டில், கிராம சேவகரிடம் கொடுத்த விண்ணப்பத்தில், தோட்டத்து ஆஸ்பத்திரித் துண்டில். விரல் வைத்திருந்த பழைய அடையாள அட்டையை மாற்ற நான்கு முறை டவுனுக்குப் போய், கையெழுத்தோடு புதிய அட்டை வாங்கினாள். கோயில் திருவிழா நோட்டீசின் பின்னாலும் அவள் கையெழுத்துப் போட்டு வைத்திருப்பதாகச் சொல்லிக் காளியாயி சிரிப்பாள். அம்மாக்கண்ணு சிரிக்கமாட்டாள். "பேரு இல்லாத கடதாசிய எவனும் தன்னோடதும்பான்" என்பாள்.

அந்தச் சிலேட்டுக்காரி படித்து, கொட்டகலையில் தமிழ்ப் பாடசாலையில் டீச்சர் ஆனாள். கிழமை நாட்களில் கொட்டகலையில் ஒரு அறை. வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் பிடித்து லயத்துக்கு வந்துவிடுவாள். அரசாங்க உத்தியோகம். மேற்பிரிவில் அந்த உத்தியோகம் கிடைத்த முதல் பெண் அவள்தான். அம்மாக்கண்ணு உலகத்தில் எதற்காவது பயந்தாள் என்றால், அந்த உத்தியோகத்துக்கு ஏதும் ஆகிவிடக் கூடாதே என்பதற்குத்தான்.

நோய்க்காலத்தில் பாராளுமன்றத் தேர்தல் வந்தது. முகக்கவசம் போட்டு வர வேண்டும், பேனையை அவரவர் வீட்டிலிருந்தே கொண்டுவர வேண்டும் என்று ரேடியோவில் சொன்னார்கள்.

மேற்பிரிவில் ஓட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. தேர்தலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் கோயில் முன்னால் தட்டில் கற்பூரம் ஏற்றுவார். வீட்டுக்கு ஒருவர் வந்து, சுடரின் மேல் கையை நீட்டி, அவர் சொல்லும் சின்னத்துக்குப் போடுவதாகச் சத்தியம் செய்ய வேண்டும். எந்தச் சின்னம் என்பதைச் சங்கம் முடிவு செய்யும். அம்மாக்கண்ணு ஒவ்வொரு தேர்தலுக்கும் கையை நீட்டியவள்தான். போடச் சொன்னதற்குப் போட்டுவிட்டு வந்து கொழுந்துக்குப் போய்விடுவாள். அது தலைவருடைய ஓட்டு. தன் கை வழியாகப் பெட்டிக்குள் போகிறது, அவ்வளவுதான்.

அந்த வருடம் தலைவர் சிவசாமி. ஐம்பது வயது. கெட்டவர் இல்லை. யாருக்காவது பிரசவ வலி வந்தால் லொறியை மறித்து ஏற்றிவிடுகிறவர். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, கொழும்பில் ஆட்சியில் இருந்தவர்களின் சின்னத்தைச் சொல்லி, தட்டை ஒவ்வொருவரிடமும் நீட்டிக்கொண்டு வந்தார். அம்மாக்கண்ணுவிடம் வந்ததும் தட்டு நின்றது.

"என்னாக்கா, கை நீளலயே?"

"எதுக்குன்னு சொல்லு தம்பி, நீட்டுறேன்."

"எதுக்குன்னா? அவங்களுக்கு மூணுல ரெண்டு பங்கு வேணும். அது கெடைச்சாத்தான் சட்டத்த மாத்தலாம்."

"என்னா சட்டத்த?"

"அது கெடைச்ச பொறகு சொல்லுவாங்க."

நாலு பேர் சிரித்தார்கள். சிவசாமியும் சிரித்தார். அம்மாக்கண்ணு மட்டும் கற்பூரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதாத கடதாசியில வெரல வைக்கச் சொல்றீங்க. ஒருக்கா வெச்சவ நான்" என்றாள்.

கற்பூரம் தட்டில் கரைந்துகொண்டிருந்தது. சிவசாமி குரலை இறக்கினார். "பாத்துக்கங்க அக்கா. டீச்சரு புள்ள வேற கவுர்மெண்டு உத்தியோகம்." மிரட்டுகிற மாதிரியும் இல்லை, அக்கறை மாதிரியும் இல்லை. சொல்லிவிட்டுத் தட்டை அடுத்தவரிடம் கொண்டுபோனார்.

ஞாயிற்றுக்கிழமை லோஜினி கொட்டகலையில் முனாப் நானா கடையில் வாங்கிய நீலப் பேனையை அம்மாவிடம் கொடுத்தாள். பழைய கொப்பி ஒன்றில் ஓட்டுச் சீட்டு மாதிரி கோடு கிழித்துக் காட்டினாள். நீங்கள் விரும்புகிற சின்னத்துக்கு நேரே, குறுக்காக இரண்டு கீறல், ஒரு புள்ளடி. கீழே, விரும்புகிற ஆளின் இலக்கத்தின் மேல் இன்னொரு புள்ளடி. மூன்று பேர் வரைக்கும் போடலாம், ஒருவருக்கு மட்டும் போட்டாலும் சரி. அம்மா இரண்டு தடவை போட்டுக் காட்டினாள். பிழை இல்லை.

"எந்தச் சின்னம்னு கேக்க மாட்டியா?"

"கேக்கக் கூடாதும்மா."

"அப்ப சரி. இந்தத் தடவ ஒருத்தனும் கேக்கக் கூடாது. இது என்னோடது."

வேறு எதையும் எழுதக் கூடாது என்று லோஜினி சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. புள்ளடி போடச் சொல்லிக் கொடுத்தவளுக்கு அந்த ஒரு வரி ஏன் வாயில் வரவில்லை என்பதை அதற்குப் பிறகு அவள் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறாள்.

தேர்தல் அன்று அம்மாக்கண்ணு கிளிப்பச்சைச் சேலை கட்டிக்கொண்டு, தோட்டத்துப் பாடசாலையில் வரிசையில் நின்று போட்டுவிட்டு வந்தாள். லோஜினிக்கு போன் எடுத்தாள்.

"போட்டாச்சு. எவ்வளவு பெரிய கடதாசி தெரியுமா! மொழம் நீட்டுக்கு அடிச்சிருக்கானுங்க. ஆனா அவனுங்க மறந்தத நான் மறக்கல்ல."

"என்னாத்தம்மா?"

"அதெல்லாம் சரியாப் போட்டேன். நீ சாப்புட்டியா?"

மறுநாள் வாக்கு எண்ணும் வேலை என்பதால் லோஜினி அவசரத்தில் இருந்தாள். அதற்கு மேல் கேட்கவில்லை.

எண்ணும் பணிக்கு ஆசிரியர்களைப் போடுவது வழக்கம். லோஜினிக்கு நுவரெலியாவில் ஒரு மண்டபம். காலையிலேயே தொடங்கினார்கள். உள்ளே போகும் முன், இங்கே பார்ப்பதை வெளியே சொல்லமாட்டேன் என்ற உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். ஒரே கீறலில் போட்டாள். அம்மாவின் மகள் இப்படிப் போடுவதா என்று அம்மா எப்போதும் சொல்வது நினைவுக்கு வந்து, முகக்கவசத்துக்குள் சிரித்துக்கொண்டாள்.

பெட்டிகளின் இலக்கங்களை வாசித்தபோதுதான், தன் தோட்டத்துப் பாடசாலைப் பெட்டி தங்கள் மண்டபத்துக்கே வந்திருப்பது தெரிந்தது. அதை இன்னும் சில பெட்டிகளோடு சேர்த்து மேசையில் கொட்டினார்கள். கயிற்றுக்கு அப்பால் கட்சி முகவர்கள் நின்றார்கள். சிவசாமியும் அவர்களில் ஒருவராக, கழுத்தில் அட்டை தொங்க, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார். லோஜினியைப் பார்த்துத் தலையாட்டினார்.

சீட்டுகளை விரித்து, சின்னத்துக்குச் சின்னம் பிரித்துப் போட வேண்டும். சந்தேகமானதைப் பிரதம அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். நிறைய வந்தன. இரண்டு சின்னத்துக்குப் புள்ளடி போட்டவர்கள். ஒன்றுமே போடாமல் மடித்தவர்கள். ஒருவர் சீட்டின் குறுக்கே, 'எங்க லயத்துக்கு ரோட்டு போட்டு தாங்க' என்று எழுதியிருந்தார். பக்கத்தில் இருந்த டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் லோஜினியைப் பார்த்தார்.

பதினொரு மணி இருக்கும். ஒரு சீட்டை விரித்தாள். ஆட்சிக்காரர்களின் சின்னத்துக்கு இல்லை, வேறொன்றுக்குப் புள்ளடி. நேரான, அழுத்தமான, நீலப் புள்ளடி. கீழே ஒரே ஒரு இலக்கத்தின் மேல் இன்னொன்று. எந்தப் பிழையும் இல்லை. அடியில் வெறுமையாக இருந்த இடத்தில், பேனையால் ஒரு கோடு இழுத்து, அந்தக் கோட்டின் மேல் ஏழு எழுத்து இருந்தது. வால் மேலே ஏறி, பக்கத்தில் ஒரு புள்ளி. அதற்குக் கீழே அன்றைய திகதி.

முழ நீளக் கடதாசியில் கையெழுத்துக்கு இடம் விடவில்லை. மறந்துவிட்டார்கள். அவள் மறக்கவில்லை.

சட்டம் லோஜினிக்கு நன்றாகத் தெரியும். எண்ணும் பணிக்கான வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள்: வாக்காளர் யார் என்று காட்டும் எதுவும் சீட்டில் இருந்தால் அந்த வாக்குச் செல்லாது. செல்லும் சீட்டுகளின் கட்டோடு சேர்த்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். சேர்த்தால் இன்னொருவர் மறுபடி எண்ணுவார், அவர் கண்ணில் படும். முகவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். இரண்டு கை தூரத்தில் சிவசாமி. மேற்பிரிவில் அந்தப் பெயர் ஒருத்திக்குத்தான். சேர்க்காவிட்டால், அம்மா வாழ்க்கையில் முதன்முதலாகத் தனக்கென்று போட்ட ஓட்டு போய்விடும்.

இவ்வளவும் ஒரு மூச்சு நேரத்துக்குள். அதற்குள் அவளுடைய கட்டைவிரல் அந்த ஏழு எழுத்தையும் மூடிக்கொண்டிருந்தது. அப்படியே எழுந்து, விரலை எடுக்காமல், சீட்டைப் பிரதம அதிகாரியிடம் கொண்டுபோனாள். சிங்களவர், வயதானவர், சாந்தமான மனிதர். விரலை எடுக்கும்படி கண்ணால் சொன்னார். எடுத்தாள். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் கையெழுத்து எந்த மொழியிலும் கையெழுத்துத்தானே.

"பெயர் எழுதியிருக்கிறார்களே, மிஸ். பாவம்" என்றார் சிங்களத்தில். நிராகரிக்கப்பட்டது என்ற முத்திரையை எடுத்துக் குத்தினார்.

"என்னாங்க டீச்சர் அது?" கயிற்றின் மேல் சாய்ந்துகொண்டு சிவசாமி கேட்டார்.

"செல்லாதது" என்றாள் லோஜினி.

அவர் பார்வை மேசையில் கிடந்த சீட்டில் ஒரு கணம் தங்கிய மாதிரி இருந்தது. தங்கவில்லை என்றும் சொல்லலாம். அதிகாரி அதை உறைக்குள் போட்டுவிட்டார்.

முடிவுகள் வந்தன. மூன்றில் இரண்டு பங்கைத் தொட்டுவிட்டார்கள். மேற்பிரிவில் பட்டாசு கொளுத்தினார்கள். அந்த வெள்ளிக்கிழமை லோஜினி வீட்டுக்கு வந்தபோது, அம்மா டீ ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"தோத்துட்டோமாக்கும்?"

"ஆமாம்மா."

"சரி, போகட்டும். எம் பேருக்கு ஒண்ணு எதிர்ல இருக்குல்ல. அது இருக்கும்."

லோஜினி டீயைக் குடித்தாள். உறுதிமொழிக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது உண்மைதான். ஆனால் அவள் வாயை மூடியது அந்த உறுதிமொழி அல்ல என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

மழை மாதத்தில் அந்தச் சட்டம் வந்தது. நாட்டில் இருந்த அதிகாரத்தையெல்லாம் ஒரே கதிரையில், ஜனாதிபதி உட்காரும் நாற்காலியில், கொண்டுபோய் வைக்கிற சட்டம். சிவசாமி கற்பூரம் ஏற்றி வாக்குச் சேர்த்துக் கொடுத்த உறுப்பினரும் அதற்குக் கை தூக்கினார். மேற்பிரிவில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசுவதற்கு அங்கே ஒன்றும் மாறியிருக்கவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, மலை, கொழுந்து, நிறுவை. ஆனால் மெல்ல மெல்லச் சின்னச் சின்ன விஷயங்கள் வந்தன. அரசாங்க ஊழியர்கள் இணையத்தில் என்ன எழுதலாம், என்ன எழுதக் கூடாது என்று பாடசாலைக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. பாடசாலை அதிபர் அதை வாசித்துவிட்டு, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி, அலுமாரியில் பூட்டினார். டயகம பஸ்ஸில் சீருடைக்காரர்கள் ஏறி அடையாள அட்டை பார்த்தார்கள். முன்பு சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தவர்கள் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

பிறகு காளியாயியின் மகன் வினோஜனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கொழும்பில் கடையில் வேலை செய்தவன், நோயால் கடை மூடியதும் ஊருக்கு வந்திருந்தான். காலியான ஒரு கதிரைக்கு மாலை போட்டு, அதன் முன்னால் எல்லாரும் விழுந்து கும்பிடுகிற மாதிரி ஒரு படத்தை யாரோ போட்டிருந்தார்கள். அதை அவன் தன் போனில் பகிர்ந்தான். அவ்வளவுதான். பதினாறு நாள். காளியாயி பொலிசுக்கும் லயத்துக்குமாக நடந்தாள். சிவசாமியும் இரண்டு தடவை கூடப் போனார். உறுப்பினருக்கு போன் எடுத்தார். அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை. திரும்பி வந்த வினோஜன் யாரோடும் பேசவில்லை. போனை மட்டும் அம்மாவிடம் கொடுத்து, "அடுப்புல போட்டுருங்க" என்றானாம்.

நிறுவை மடுவத்தில், கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், சாக்கை இறக்கும்போதுதான் காளியாயி அதைச் சொன்னாள்.

"யாரு யாருக்கு ஓட்டுப் போட்டாங்கன்னு எல்லாம் எடுத்துப் பாக்குறானுங்களாம்டி. எம் மவன்கிட்டயும் கேட்டானுங்களாம், ஒங்காத்தா எதுக்குப் போட்டான்னு."

"அதெப்புடித் தெரியும்? சீட்டுல பேரா இருக்கு?" என்று பக்கத்தில் யாரோ கேட்டார்கள்.

அம்மாக்கண்ணு சாக்கைத் தராசில் வைக்காமல் நின்றாள். கணக்கப்பிள்ளை இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் வைத்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை லோஜினி வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே அம்மா கேட்டாள்.

"ஓட்டுச் சீட்டையெல்லாம் எங்க வெச்சிருப்பாங்க?"

"கச்சேரியில, நுவரெலியா கவுர்மெண்டு ஆபீசுல. சீல் வெச்சு."

"எத்தன நாளைக்கு?"

"கொஞ்ச மாசம். பொறகு அழிச்சிருவாங்க. ஏம்மா?"

"அதுவரைக்கும் யாரும் தொறக்க ஏலாதா?"

"ஏலாதும்மா. சட்டம்."

"சட்டத்தத்தான் மாத்திட்டானுங்களே" என்றாள் அம்மா. பிறகு அடுப்படிக்குப் போய், சுண்ணாம்பு அடிக்காமல் விட்டிருந்த சுவரின் முன்னால் நின்றாள். இருபது வருடக் கரி. பாதி மங்கியிருந்தது. "நான் கையெழுத்துப் போட்டுட்டேன் லோஜி" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். "திகதியும் போட்டேன். எம் பேரப் பாத்தா நீ யாருன்னு தெரிஞ்சிரும். டீச்சரு லோஜினியோட அம்மா. ஒன் உத்தியோகம் போறதுக்கு நானே எழுதிக் குடுத்துட்டேன்."

அப்போது சொல்லியிருக்கலாம். அந்தச் சீட்டு எண்ணப்படவே இல்லை என்று. ஆனால் அதைச் சொன்னால், 'எம் பேருக்கு ஒண்ணு எதிர்ல இருக்கு' என்று அம்மா வைத்திருந்த அந்த ஒன்றையும் எடுத்துவிட வேண்டும். எடுத்தது யார் என்றும் சொல்ல வேண்டும். "ஒண்ணும் ஆகாதும்மா" என்றாள். மேற்பிரிவில் அந்த மாதம் எல்லா வீட்டிலும் ஒருவருக்கொருவர் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் அம்மா சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள்.

தை பிறந்த பிறகு ஒரு சனிக்கிழமை, லயங்களில் யார் யார் இருக்கிறார்கள் என்று பதிய வேண்டுமென இரண்டு பொலிஸ்காரர்கள் வந்தார்கள். பெரட்டுக் களத்தில், காலையில் எல்லாரும் கூடுகிற இடத்தில், மேசை போட்டார்கள். தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் தர்ஷன், சின்ன வயதுக்காரன், எல்லாருக்கும் பழக்கமானவன், கூட உட்கார்ந்து எழுதினான். பத்திரம் முழுக்கச் சிங்களம். வீட்டில் எத்தனை பேர், யார் எங்கே வேலை, போன் இலக்கம். கீழே ஒரு கோடு.

லோஜினி அம்மாவின் அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கூட நின்றாள். தர்ஷன் பத்திரத்தை நிரப்பிவிட்டு, பேனையை அம்மாவிடம் நீட்டினான்.

"வாங்கக்கா. எல்லாரும் ஒரு நிமிசம் பொறுங்க, அக்கா கையெழுத்துப் போடப் போகுது" என்று சிரித்தான்.

அம்மாக்கண்ணு பேனையை வாங்கவில்லை. மேசையில் இருந்த மைப்பெட்டியைப் பார்த்தாள்.

"வெரல் வைக்கிறேங்க ஐயா."

"என்னாக்கா பகிடி? சம்பளத் தாள்ல கட்டம் தாண்டிப் போடுவீங்க."

"எனக்குக் கையெழுத்து வராதுங்க."

காளியாயி வரிசையை விட்டு எட்டிப் பார்த்தாள். தர்ஷன் லோஜினியைப் பார்த்தான். லோஜினி கையில் இருந்த அடையாள அட்டையைத் திருப்பி, கையெழுத்து இருந்த பக்கத்தை உள்ளங்கைக்குள் மறைத்தாள். அந்த நேரம் அவளால் செய்ய முடிந்தது அதுதான்.

மேசைக்குப் பின்னால் நின்ற சிவசாமி மெல்லச் சொன்னார். "அக்காவுக்குக் கையெழுத்து நல்லாவே வரும். நான் பாத்திருக்கேனே."

எங்கே பார்த்தார்? சம்பளத் தாளிலா, சங்கத்துச் சந்தாப் புத்தகத்திலா, நுவரெலியாவில் மேசையின் மேலா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உதவி செய்கிற மாதிரித்தான் சொன்னார். அவர் முகமும் அந்த மாதங்களில் வாடியிருந்தது.

"இப்ப கை நடுங்குது தம்பி" என்றாள் அம்மாக்கண்ணு. கை நடுங்கவில்லை. கட்டைவிரலை மையில் அழுத்தி, தனக்கு ஓர் எழுத்தும் தெரியாத அந்தக் கடதாசியில், கோட்டின் மேல், இருபது வருடத்துக்குப் பிறகு வைத்தாள். பொலிஸ்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

மலைத் தண்ணீர் குழாயில் வந்து கொட்டும் பீலிக்கரையில் அம்மா விரலைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். லோஜினி பக்கத்தில் கல்லில் உட்கார்ந்தாள்.

"அம்மா. அந்தச் சீட்ட நான் பாத்தேன்."

தேய்த்த கை நின்றது.

"எண்ணுற எடத்துல. எங் கைக்குத்தான் வந்துச்சு. பேரு எழுதியிருந்தா எண்ணக் கூடாதும்மா. செல்லாதுன்னு கழிச்சிட்டாங்க."

"யாரு கழிச்சா?"

"நாந்தான் எடுத்துக் குடுத்தேன்."

பீலியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா கையை அதற்குள் நீட்டியபடி நின்றாள்.

"தலைவரு பாத்தானா?"

"தெரியல்லம்மா."

"தெரியல்லன்னா?"

"தெரியல்ல."

அம்மா தலையாட்டினாள். பிறகு, வேறு ஏதோ கேட்கிற மாதிரி, திரும்பாமலே கேட்டாள்.

"நல்லா இருந்துச்சா?"

"என்னாதும்மா?"

"கையெழுத்து. அட்டப் பொட்டிய வெச்சுத்தான் மேச மாதிரி செஞ்சிருந்தானுங்க. ஆடிக்கிட்டே இருந்துச்சு."

"நல்லா இருந்துச்சும்மா. நேரா இருந்துச்சு."

"புள்ளி வெச்சிருந்தேனா?"

"வெச்சிருந்தீங்க."

"அப்ப எண்ணியிருக்கலாமே" என்றாள் அம்மாக்கண்ணு.

குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. நன்றாக எழுதிய ஒன்றை ஏன் எண்ணவில்லை என்று அவளுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. லோஜினிக்கு அதற்கு ஒரு விளக்கம் இருந்தது. டீச்சர்களுக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்த விளக்கம். வாக்காளரைப் பாதுகாக்கத்தான் அப்படி ஒரு விதி. பீலிக்கரையில், சாம்பல் படிந்த அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு, அதை அவளால் சொல்ல முடியவில்லை.

ரேகைகளுக்குள் இருந்த மை போகவில்லை.

அடுத்த சம்பள நாளன்று அம்மாக்கண்ணு காளியாயிக்குப் பின்னால் நின்றாள். காளியாயி விரலை வைத்தாள். அம்மாக்கண்ணு விரலை வைத்தாள். யாரும் கத்தவில்லை. வரிசை ஒரு நிமிடம்கூட நிற்காமல் நகர்ந்தது.